வரி திருப்பித் தரும் கடை

அந்த வருடத்தில் அவளுக்கு வந்த மூன்றாவது பிணத்தின் படம் அது. மதிய இடைவேளையில், பல் பிடுங்கும் குறடுகளைக் கழுவித் துணியில் பரப்பிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கடல் கடந்த ஊருக்கு வேலைக்குப் போய்க் காணாமல் போனவர்களைத் தேடித் தர அங்கே ஒரு சங்கம் இருந்தது. அதை நடத்துகிறவரை அவள் நேரில் பார்த்ததில்லை. அண்ணன் என்று கூப்பிடுவாள். "தங்கச்சி, மன்னிச்சுக்கம்மா. துறைமுகத்துப் பக்கம் கரை ஒதுங்கியிருக்கு. வயசு ஒத்துப்போகுது. மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் பாரு" என்று எழுதியிருந்தார்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரில் ஊறிய முகம் யாருடையதாகவும் இருக்கலாம். நேராக வாயைப் பார்த்தாள். அவள் புருஷனுக்கு மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல், உட்கார இடம் கிடைக்காத ஆள்போல, பக்கத்துப் பல்லின்மேல் ஏறி நிற்கும். அவன் இந்த கிளினிக்குக்கு முதன்முதலில் வந்ததே அதைப் பிடுங்கத்தான். டாக்டரம்மா நாற்காலியைச் சாய்த்ததும் பயந்துபோய், "இருந்துட்டுப் போகட்டும்" என்று எழுந்து ஓடியவன், மறுநாள் பல்லுக்காக வராமல் அவளுக்காக வந்தான். படத்தில் இருந்தவனுக்குப் பற்கள் பந்தியில் உட்கார்ந்ததுபோல் நேராக இருந்தன.

"அவர் இல்லண்ணே" என்று எழுதி அனுப்பினாள். கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். திறந்த கையோடு மூடினாள்.

தெருவில் அவளைப் பல்லக்கா என்பார்கள். பல் டாக்டரிடம் உதவிக்கு நிற்பவள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது மாமியார் வாசலில் நின்று, "வந்துடுச்சு எங்க வீட்டுப் பல்லக்கு, தூக்கத்தான் ஆளில்லை" என்பாள். மாமியார் ஒரு சினிமா கொட்டகையில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவள். கதவுக்கு வெளியே நின்றே எல்லாப் படத்து வசனத்தையும் கேட்டிருக்கிறாள். முடிவு மட்டும் எந்தப் படத்திலும் அவளுக்குத் தெரியாது. கடைசிக் காட்சி ஓடும்போது மற்ற கதவுகளைத் திறந்துவிட ஓட வேண்டும்.

அன்றைக்கு மாமியார் வேடிக்கை எதுவும் பேசவில்லை. மருமகள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மறுபடியும் போட்டோவா?"

"ஆமா அத்தை."

"நீ எதுக்கும்மா இதெல்லாம் பார்க்கிறே?"

"நான் பார்க்காம வேற யார் பார்க்கிறது? உங்களுக்குக் காட்டவா?"

மாமியார் அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

புருஷன் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. கிடங்கில் சுமை ஏற்றும் வேலை. முதல் மூன்று வருடம் பணமும் வந்தது, போனும் வந்தது. பிறகு ஒருநாள், "வேலை மாத்துறேன், நம்பர் மாறும், நானே கூப்பிடுறேன்" என்றான். அதோடு சரி. கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. கிடங்கில் விசாரித்தால், அவன் எப்போதோ நின்றுவிட்டான் என்றார்கள்.

அந்த மூன்றாவது படம் வந்த வாரக் கடைசியில் மாமியாரே பேச்சை எடுத்தாள்.

"நாம ஒரு தடவை அங்க போய்ட்டு வந்துடலாமா?"

பல்லக்கா தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "நெசமாவா சொல்றீங்க?"

"டிராவல்ஸ்காரன்கிட்டப் பேசிட்டேன். மழைக்காலத்துல யாரும் போறதில்லையாம், டிக்கெட் சல்லிசா கிடைக்குமாம். பெட்டி போடக் கூடாது, கைப்பை மட்டும்தான். தங்கறதுக்கு அடுக்குக் கட்டில் போட்ட ரூம். பிளேன்ல தண்ணிகூடக் காசு. நாம என்ன விருந்துக்கா போறோம்?"

எல்லாவற்றையும் மாமியார் யோசித்து வைத்திருந்தாள். கைப்பையின் எடையைக் குறைக்க இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொள்வது, பிஸ்கட்டும் ரொட்டியும் எடுத்துப் போவது, விமான நிலையத்திலிருந்து டாக்சி எடுக்காமல் பஸ்ஸில் போவது. இதற்கெல்லாம் மேலாக ஒன்று சொன்னாள்.

"உன் போன் செத்துக்கிட்டிருக்கு. எப்படியும் புதுசு வாங்கணும். அதை அங்க வாங்கினா, வெளியூர்க்காரங்கன்னு வரியைத் திருப்பித் தராங்களாம். கடையில ஒரு சீட்டு எழுதித் தருவாங்க. ஏர்போர்ட்ல பொருளைக் காட்டினா அந்தக் காசு கைக்கு வந்துடும். என் டிக்கெட்டுல பாதி அதுல போயிடும்."

"எல்லாக் கடையிலயும் தருவாங்களா?"

"இல்ல, சில கடையிலதான். டிராவல்ஸ்காரன் ஒரு கடை சொல்லியிருக்கான். போனவுடனே முதல்ல அங்க போய்டுவோம். அப்புறமா உன் சங்கத்து அண்ணனைப் பார்ப்போம்."

பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. புருஷனைத் தேடிப் போகிற இடத்தில் போன் வாங்கி லாபம் பார்க்க இந்த அத்தையால்தான் முடியும். ஆனாலும் அன்று நெடுநாள் கழித்து அவள் வயிறாரச் சாப்பிட்டாள். தேடுவதற்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

அந்த ஊரில் அவர்கள் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. தங்கும் இடத்தில் மேல்கட்டிலில் ஏற மாமியாரால் முடியவில்லை என்று பல்லக்கா மேலே போனாள். பையை வைத்துவிட்டு முகம் கழுவியதும், "வா, கடைக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றாள் மாமியார். மேம்பாலத்துக்கு அடியில் நடந்து, செருப்புத் தைக்கிறவர் இருந்த மூலையில் திரும்பி, மாமியார் யாரையும் வழி கேட்காமலே போனாள். அது ஏன் என்று அப்போது பல்லக்காவுக்குத் தோன்றவில்லை. ஈரச் சேலை காலில் சுற்றிக்கொண்டதுதான் பெரிதாகத் தெரிந்தது.

சின்னக் கடைதான். கண்ணாடி அலமாரியில் போன்கள், சுவரில் தொங்கும் உறைகள், கதவில் வரி திருப்பித் தரப்படும் என்ற பலகை. கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த ஊர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். எழுந்து வந்து சிரித்த முகத்தோடு இருவருக்கும் ஸ்டூல் எடுத்துப் போட்டாள். பிறகு உள்பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டாள்.

உள்ளேயிருந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வந்தான்.

பெட்டியைக் கீழே வைத்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். முதலில் அம்மாவைப் பார்த்தான்.

"ஏம்மா சொல்லாம வந்தீங்க?" என்றான்.

அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தான்.

கல்லாப் பெண் என்னவோ கேட்டாள். அவன் அவள் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னான். தன் ஊர்க்காரர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் இன்னும் அகலமாகச் சிரித்து, இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் அலமாரியைத் திறந்து மூன்று போன்களை எடுத்து வரிசையாக வைத்தான். வியாபாரச் சிரிப்பு அவன் முகத்தில் தானாக வந்து உட்கார்ந்தது. "தயவுசெஞ்சு கத்திடாதே" என்றான் பல்லக்காவிடம், ஒரு போனைத் திருப்பிக் காட்டியபடி. "அவளுக்கு நம்ம பாஷை தெரியாது. ஆனா முகத்தைப் பார்த்தா புரிஞ்சுடும்."

பல்லக்காவுக்குக் கத்தத் தோன்றவில்லை. இவன் உயிரோடு இருக்கிறான் என்பது ஒரு பக்கம் உள்ளே பொங்கியது. இவன் பிணமாக இல்லை, தண்ணீரில் ஊறவில்லை, வாயில் அந்தக் கோரைப்பல்கூட ஏறியபடியே இருக்கிறது. அந்தச் சந்தோஷம் முழுதாகப் பொங்கி முடிவதற்குள் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண்குழந்தை ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. அண்ணாந்து அவனிடம் எதையோ கேட்டு வாயைத் திறந்து அழுதது.

அவள் பார்த்துவிட்டாள். தொழில் பழக்கம். கடைவாய்ப் பால்பற்கள் உள்பட எல்லாம் முளைத்து நன்றாகத் தேய்ந்தும் இருந்தன. மூன்று வயதுக்குக் குறையாது. அவன் கடைசியாகப் பேசி இரண்டு வருடம்தான் ஆகிறது. "உடம்பைப் பார்த்துக்க, சீக்கிரம் வந்துடுவேன்" என்று அவன் போனில் சொன்ன நாட்களில் இந்தக் குழந்தை இவன் மடியில் இருந்திருக்கிறது.

"நான் உன்னைப் பிணவறையில தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நீங்க என்று அழைத்தவனை அவள் நீ என்றது அதுதான் முதல் தடவை. அதை அவளே கவனிக்கவில்லை.

அவன் கையில் இருந்த போன் அப்படியே நின்றது. "பிணவறையிலயா? எதுக்கு?"

"எதுக்கா?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அம்மா சொன்னாங்களே." அவன் அம்மாவைப் பார்த்தான். "ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடியே போன் பண்ணி அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், கடைக்கு வழி உள்பட. நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்கம்மா, எனக்குத் தைரியம் இல்லைன்னேன். சொல்லிட்டேன்னாங்க. நீ ரெண்டு நாள் அழுதியாம், அப்புறம் எங்கயோ நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டியாம்."

மாமியார் சுவரில் தொங்கிய போன் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, விலை விசாரிக்கப் போகிறவள்போல.

"அம்மா, சொல்லலையா நீங்க?"

மாமியார் திரும்பவில்லை. பல்லக்கா அந்த முதுகையே பார்த்தாள். இரண்டு சேலை சுற்றிய முதுகு. ஒன்றரை வருடம் அந்த முதுகுக்கு இவள் தைலம் தேய்த்திருக்கிறாள். தேய்க்கும்போதெல்லாம், "எங்க இருக்காரோ அத்தை" என்று புலம்பியிருக்கிறாள். "வருவான்மா, வருவான்" என்று அந்த முதுகுக்குச் சொந்தக்காரி சொல்லியிருக்கிறாள்.

கல்லாப் பெண் நடுப் போனைத் தொட்டு, நல்ல போன் என்பதுபோல் தலையாட்டினாள். பல்லக்காவும் தலையாட்டினாள். பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தாள். கல்லாப் பெண் கதவுப் பலகையைக் காட்டி, பாஸ்போர்ட் வேண்டும் என்று சைகை செய்தாள். பல்லக்கா அதையும் எடுத்து நீட்டினாள். அதன் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் என்று ஒரு வரி உண்டு. அது அவனுக்கும் தெரியும். கல்லாப் பெண் வாங்குவதற்குள் அவன் கை நீட்டிப் பிடுங்கிக்கொண்டான்.

"நானே எழுதறேன்" என்றான், எந்த பாஷையில் சொல்கிறோம் என்பதையே மறந்து.

சீட்டை எடுத்து வைத்து, தலையைக் குனிந்துகொண்டு வேகமாக எழுத ஆரம்பித்தான். அவள் பெயரை எழுதினான். அவள் அப்பா பெயரை எழுதினான். பிறந்த தேதியை எழுதினான். எல்லாவற்றையும் எழுதி, பாஸ்போர்ட் எண் கேட்கும் இடம் வந்த பிறகுதான் அதைத் திறந்தான்.

கல்லாப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதுவரை மூடியே இருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், பிறகு பல்லக்காவை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு, விளக்கை அணைத்ததுபோல் போய்விட்டது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் போட பல்லக்காவுக்கு ஒரு நிமிடம் ஆகாது. கைகூடப் போனது. இடுப்பில் இருந்த குழந்தை அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. பல்லக்கா பாஸ்போர்ட்டையும் சீட்டையும் போன் பெட்டியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

செருப்புத் தைக்கிறவரைத் தாண்டும்வரை அவள் நிற்கவில்லை. பின்னால் மாமியார் மூச்சு வாங்க வந்தாள். இருவருக்கும் போக இருந்தது அந்த அடுக்குக் கட்டில் ரூம் ஒன்றுதான். அன்றே திரும்பிவிடலாம் என்றால் முடியாது. மலிவு டிக்கெட்டுக்குத் தேதி மாற்றம் கிடையாது. இன்னும் மூன்று நாள் அதே ரூமில், மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி.

சங்கத்து அண்ணனுக்கு மட்டும், "கிடைச்சிட்டார்ண்ணே. உயிரோட இருக்கார்" என்று எழுதினாள். உடனே பதில் வந்தது. "நல்ல சேதி சொன்னே தங்கச்சி. இத்தனை பேரைத் தேடினதுல உயிரோட கிடைச்சது ஒண்ணு ரெண்டுதான். நீ கொடுத்து வச்சவ."

மறுநாள் பகலில், அந்த ரூமில் தங்கியிருந்த மற்றவர்கள் எல்லாம் ஊர் சுற்றப் போன பிறகு, மாமியார் கீழ்க்கட்டிலிலிருந்து பேசினாள். மேலே இருந்த முகம் தெரியாததால்தான் பேச முடிந்ததோ என்னவோ.

"சொல்லணும்னு தினமும் நினைப்பேன். வாய் வராது."

மேலே பல்லக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அவனுக்காக மறைக்கலை. அவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன. சொன்னா நீ போயிடுவே. நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பெத்தது கைவிட்டுடுச்சு. வந்ததையாவது பிடிச்சு வச்சுக்கலாம்னு பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு இப்பக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீ அந்தப் போட்டோவைப் பார்க்கிறதை என்னால பார்க்க முடியலை. செத்தவன் வாயை விரிச்சு விரிச்சுப் பார்க்கிறே. அன்னைக்கு ராத்திரி தூக்கத்துலகூட விரலால என்னவோ எண்ணிக்கிட்டிருந்தே. வாயால சொல்லத் தைரியம் இல்லை. கண்ணால பார்த்துடட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

"முதல் போட்டோ வந்தப்பவே சொல்லியிருக்கலாமே அத்தை. மூணு பிணம் பார்க்க வச்சீங்களே."

மாமியார் அழுதாள். மேல்கட்டிலில் படுத்திருந்தவளுக்கு அந்த அழுகை உண்மை என்று தெரிந்தது. ஆனாலும் கீழே இறங்கிப்போய்க் கையைப் பிடிக்க உடம்பு எழவில்லை. புருஷன் செய்ததைத் துரோகம் என்று சொல்லிவிடலாம், அதற்கு ஊரில் ஆயிரம் உதாரணம் உண்டு. ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, தன் பயத்துக்குத் துணையாக இன்னொருத்தியின் நம்பிக்கையை வைத்துக்கொண்டதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மீதி நாட்களில் தேவைக்குத்தான் பேசினார்கள். ரொட்டி எடுத்துக்குங்க. மாத்திரை போட்டீங்களா. கதவைச் சாத்துங்க.

விமான நிலையத்தில் வரி திருப்பித் தரும் கவுன்டருக்கு நீண்ட வரிசை. மாமியார், "விட்டுடு, அந்தக் காசு நமக்கு வேணாம்" என்றாள். பல்லக்கா கேட்கவில்லை. போய் வரிசையில் நின்றாள். அதிகாரி சீட்டை வாங்கி, பொருளைக் காட்டச் சொன்னார். முத்திரை உடையாத பெட்டியை எடுத்துக் காட்டினாள். அவர் எண்ணைச் சரிபார்த்து ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். பக்கத்து ஜன்னலில் பணம் கொடுத்தார்கள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தன் திட்டப்படியே பல்லக்கா எல்லாவற்றையும் செய்ததில் மாமியாருக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்க வேண்டும். கோபம் இருந்தால் காசை வாங்கியிருப்பாளா என்று கணக்குப் போட்டிருப்பாள். விமானத்தில், "காது அடைக்குது, பஞ்சு இருக்காம்மா?" என்று பழையபடி கேட்டாள். பல்லக்கா கொடுத்தாள்.

விமானம் ஏறுவதற்கு முன் மாமியார் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் பல்லக்கா டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருந்தாள். "கிளினிக் மாடி ரூம் இன்னும் காலியாத்தானே இருக்கு டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்டாள். டாக்டரம்மா காரணம் கேட்கவில்லை. சாமான் கிடக்கிறது, ஒதுக்கச் சொல்கிறேன் என்றார்.

ஊர் வந்து பஸ் ஏறினார்கள். அவர்கள் தெரு வந்தது. மாமியார் முன்னால் இறங்கி, படியிலிருந்து பையை வாங்கக் கை நீட்டினாள். பல்லக்கா அவள் பையைக் கொடுத்தாள். பிறகு போன் பெட்டியையும் எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இதை நீங்க வச்சுக்குங்க. உங்க பையன்கூடப் பேசலாம்."

"நீ இறங்கலையா?"

"இல்ல அத்தை. நான் கிளினிக்குக்குப் போறேன். அங்கயே இருந்துக்கறேன்."

மாமியார் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் திரும்பும்வரை அவள் பையும் பெட்டியுமாக அங்கேயே நின்றதைப் பல்லக்கா பார்த்தாள். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஜன்னலை மூடட்டுமா, தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கிளினிக்கில் பல்வலிக்காரர்களோடு மாமியாரும் வந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். வேலை முடியும்வரை காத்திருந்தாள். பல்லக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடறீங்களா ஒழுங்கா?"

"ஒரு ஆளுக்கு என்ன சமைக்கிறது. இருக்கிறதைத் தின்னுட்டுப் படுத்துக்கறேன்."

"பேசறாரா?"

மாமியார் இல்லை என்று தலையை அசைத்தாள். "நாம வந்ததுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். வீட்டுல பெரிய சண்டையாம். இனிமே எனக்கு அம்மாவும் இல்ல, ஊரும் இல்லன்னு சொல்லிட்டான். நம்பரை மாத்திட்டான்." தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வீட்டுக்கு வர்றியா?"

போகாமல் இருப்பதற்குப் பல்லக்காவிடம் புதிதாக ஒரு கோபமும் இல்லை. பழையதே போதுமானதாக இருந்தது.

"இல்ல அத்தை" என்றாள். "மாத்திரை தீர்ந்தா சொல்லுங்க, வாங்கித் தர்றேன்."

இருட்டுவதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டாள். உட்கார இடம் கிடைத்ததா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டாள். கிடைத்திருந்தது. பிறகு திரும்பி வந்து, கழுவாமல் கிடந்த குறடுகளைக் கழுவினாள்.